மூலை வண்டி

அக்கா போனில் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. கூட ஒரு ஆள் இருக்கணுமாம். உங்க அத்தானை வரச் சொல்லுடா."

"நான் வரட்டுமாக்கா?"

"நீ வந்து என்ன பண்ணப்போறே? ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுவே. அப்புறம் உனக்கு ஒரு கட்டில் தேடணும். எனக்கு அவர் வேணும். எப்ப கூப்பிட்டாலும் வண்டியில இருக்கேன்னு சொல்லி வச்சிடறாரு. அந்த வண்டிதான் ஓடலையே? ஓடாத வண்டியில உக்காந்து என்னதான் பண்றாரு மனுசன்?"

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவென்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு லாரி கம்பெனியின் யார்டில். சுற்றிலும் மதில், ஒரு இரும்பு கேட், பரந்த சிமெண்டுத் தரை, ஓரமாக ஒரு தகரக் கொட்டகை. சரக்கு கிடைக்காத வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளா என்று வெளியில் கேட்பார்கள். ஓடுகிற வண்டிக்கு டிரைவர் போதும். நிற்கிற வண்டிக்குத்தான் சீக்கு அதிகம். ஒரே இடத்தில் நின்றால் தரையில் படுகிற பக்கம் டயர் சப்பையாகிவிடும். எலி ஏறி வயரைக் கடிக்கும். டீசலில் தண்ணீர் இறங்கும். பேட்டரி சத்தமில்லாமல் சாகும். ரப்பரெல்லாம் காய்ந்து வெடிக்கும். அதனால் ஒவ்வொரு வண்டியையும் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து, டயரில் போட்ட சாக்பீஸ் கோடு கீழிருந்து மேலே வருகிற அளவுக்கு நகர்த்தி நிறுத்துவேன். அவ்வளவுதான் நான் ஓட்டுவது. இத்தனை வருஷத்தில் நான் லாரி ஓட்டிய தூரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு தெருவுக்குக் காணாது.

முதலாளிக்கு இந்த வரிசையைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"சும்மா நிக்குதுன்னா நெனைக்கிறே? இன்சூரன்ஸ் திங்குது, டாக்ஸ் திங்குது, பெர்மிட் திங்குது. கல்யாணத்துக்கு வந்துட்டு ஊருக்குக் கிளம்பாத சொந்தக்காரன் மாதிரி உக்காந்த இடத்துலயே திங்குது!"

அந்த எரிச்சலில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடுகிற வண்டியில் ஏதாவது சாமான் போனால் புதிதாக வாங்குவதில்லை. நிற்கிற வண்டியில் கழற்றி அதற்குப் போடுவது. செலவே இல்லை. எங்கள் மெக்கானிக்கை டிரைவர்கள் 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

"உறுப்பு தானம்டா. புண்ணியம்," என்பார் டாக்டர், ஸ்பேனரைத் துடைத்தபடி.

தானம் கொடுத்ததில் முதல் வண்டி மூலை வண்டி. அது அத்தானுடைய வண்டி. சொந்தம் அல்ல, ஆனால் புதிதாக வந்த நாளிலிருந்து வேறு யாரும் அதை ஓட்டியதில்லை. அது சுமந்துகொண்டிருந்த சிமெண்டு கம்பெனி ஒப்பந்தம் முடிந்ததும் மதில் மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார். எங்களிடம் டிரைவர்களுக்கு ட்ரிப்புக்குத்தான் சம்பளம். வண்டி நின்றால் ஆளும் நிற்க வேண்டியதுதான். மற்றவர்கள் வேறு கம்பெனி பார்த்துப் போனார்கள். அத்தான் போகவில்லை. "லோடு வந்துரும் மச்சான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு கேபினிலேயே படுத்துக்கொண்டார்.

முதலில் பேட்டரி போனது. பிறகு டைனமோ. அப்புறம் ஒரு நாள் ஸ்டியரிங் பெட்டியையும் பிரேக் வால்வையும் கழற்றினார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்புவது அந்தப் பெட்டி. காலால் மிதித்தால் காற்றை அனுப்பிப் பிரேக் பிடிக்க வைப்பது அந்த வால்வு. இரண்டும் 'பாட்டு' வண்டிக்குப் போயின. பாட்டு என்பது அதன் டிரைவரின் பட்டப்பெயர். ரோட்டில் ஏறினால் இறங்குகிறவரை பாடிக்கொண்டே போகிறவன். அவன் பேரே எனக்கு மறந்துவிட்டது.

அன்றோடு மூலை வண்டியின் ஸ்டியரிங் வெறும் வட்டம். தட்டிவிட்டால் பொம்மைக் கார் சக்கரம் மாதிரி சுற்றும். பிரேக் மிதி தொளதொளவென்று கிடந்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் பாட்டு லோடு ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினான். அத்தான் கேபினில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

டீ கொண்டுபோய் நீட்டினேன். அவர் திரும்பவில்லை.

"வச்சிட்டுப் போ மச்சான். வளைவு முடியட்டும்."

சிரித்தேன். வேலையில்லாத மனுசன் விளையாடுகிறார் என்று நினைத்தேன். டீ ஆறி ஏடு கட்டியது. நான் மற்ற வண்டிகளுக்கெல்லாம் காற்று பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அவர் கைகள் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. மத்தியான வெயில் தகரத்தில் தகதகத்தது. அவர் முன்னால் குனிந்து, கண்களைச் சுருக்கி, கண்ணாடி வழியாக மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தான் பாக்குறீங்க?"

"மழைடா. முன்னாடி போறவன் லைட்டே தெரியல."

வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "வேலை இல்லாம ஒரே எடத்துல இருந்தா டயர் மட்டுமா சப்பையாகும்? நீ அவரையும் அப்பப்ப கொஞ்சம் நகத்தி வையி."

பாட்டு எப்போது கேட்டைத் தாண்டுகிறானோ அப்போது அத்தான் ஏறுவார். அவன் வழியில் சாப்பிடவோ தூங்கவோ நிறுத்தினால் இவர் இறங்கிக் குளிப்பார், என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார், பாதிச் சோற்றில் கை நின்றுபோகும். "கிளம்பிட்டான்," என்று கையைக் கழுவிவிட்டு ஓடுவார். அதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஏன் தோன்றப்போகிறது?

ஒரு முற்பகல், பக்கத்து வண்டியின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மூலையிலிருந்து "ஏய்!" என்று ஒரு கத்தல். கேபின் தரையில் 'தொம்' என்று கால் விழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தானின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"தப்பிச்சுது," என்றார்.

"எது?"

"சிவப்பு கவுனு போட்ட புள்ள."

பாட்டு திரும்பி வந்தபோது வாயில் பாட்டு இல்லை. வண்டியைக் கழுவிக்கொண்டே என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"வண்டிக்கு என்னமோ ஆயிருச்சுப்பா. ஒரு ஊருக்குள்ள சின்னப் புள்ள ஒண்ணு குறுக்க ஓடி வந்துச்சு. நான் பாக்கவே இல்ல. கண்ணு சொக்கிருச்சு, யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத. வண்டி தானா நின்னுச்சு. சத்தியமா என் காலு பிரேக்குல இல்ல."

"என்ன கலரு கவுனு?"

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். தண்ணீர் எங்கள் கால்களுக்கு நடுவே ஓடியது.

"சிவப்பு. அத எதுக்கு நீ கேக்குறே?"

அவன் மறுபடி லோடு ஏற்றிக் கிளம்பும்வரை காத்திருந்தேன். வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டதும் மூலை வண்டியில் தொற்றி ஏறி, அத்தானின் கைக்குப் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அது சுற்றவில்லை. கனத்தது. உள்ளுக்குள் ஏதோ அதிர்ந்துகொண்டிருந்தது, மிரண்ட மாட்டின் கழுத்தைப் பிடித்த மாதிரி. கையை உதறி எடுத்தேன்.

"தெரியுதா?" என்றார் அத்தான்.

"கீழ ஒண்ணும் இல்லையே அத்தான்! பெட்டியே இல்லையே!"

"பெட்டி அங்க ஓடிட்டு இருக்குல்ல? என் கையும் காலும் பழகுன சாமான்டா அது. உங்க டாக்டர் கழட்டிட்டாரு. அது விடல."

"அக்காவுக்கு ஆபரேஷன்."

"தெரியும்."

"போக வேணாமா?"

ஸ்டியரிங்கை மெல்ல இடதுபக்கம் ஒடித்தார். தூரத்தில் ஒரு வளைவை முடிக்கிறவர் போலத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"வண்டி பாத்துக்கும்னு அவனுக்குத் தைரியம் வந்துருச்சு மச்சான். பாதி நேரம் தூங்கறான். நான் இறங்கினா அவன் போய்ச் சேந்துருவான். அவன் மட்டுமா போவான்?"

டாக்டரிடம் ஓடினேன். அந்த இரண்டு சாமான்களையும் பாட்டு வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். காரணம் சொல்ல முடியவில்லை, சும்மா கெஞ்சினேன்.

"எடுத்தா புதுசு வாங்கணும். முதலாளிகிட்ட நீ போய்க் கேளு. உன்னையும் என்னையும் சேத்துக் கழட்டி வித்துடுவாரு."

முதலாளி வேறொன்றை விற்க முடிவு செய்திருந்தார். அக்காவின் தேதி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பகலில் பழைய இரும்பு எடுக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஒரு கிரேன் வந்தது.

"எலும்புதானே மிச்சம்? எடைக்குப் போட்டுட்டேன்," என்றார் என்னிடம். பிறகு கேபினை அண்ணாந்து பார்த்தார். "இறங்குப்பா. வேற வண்டி காலியானா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"இப்ப முடியாது முதலாளி. மலையில இருக்கேன்."

இரும்புக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மலையா? வரும்போது எனக்குக் கொஞ்சம் குளிர் காத்து புடிச்சிட்டு வாங்கண்ணே!"

அத்தானின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு ஓடியது. துடைக்கக் கை எடுக்கவில்லை. வலதுகால் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தது.

"முதலாளி, சாயங்காலம் எடுக்கச் சொல்லுங்க," என்றேன். "கொஞ்ச நேரம்தான். உங்க கால்ல வேணா விழறேன்."

"உனக்கும் புடிச்சிருச்சா? கிரேன் வாடகையை உங்க அத்தான் குடுப்பாரா? ஆள் உள்ள இருந்தா இருக்கட்டும், முன்பக்கம் லேசாத் தூக்கு. தானா குதிப்பான்."

முன்சக்கர அச்சில் சங்கிலியைச் சுற்றினார்கள். நான் பாட்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எங்கப்பா இருக்கே?"

"மலை இறங்கிட்டு இருக்கேன். ஃபுல் லோடு. ஏன், என்ன வேணும்?" தூக்கக் குரல்.

கிரேன் உறுமியது. சங்கிலி இறுகி, மூலை வண்டியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கேபின் வானத்தைப் பார்த்துச் சாய்ந்தது. உள்ளே அத்தான் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துத் தொங்கினார்.

"ஐயோ!" போனில் பாட்டின் குரல் கிழிந்தது. "முன்னாடி பாரமே இல்ல! ஸ்டியரிங் கேக்க மாட்டேங்குது! யாரோ தூக்கற மாதிரி... ஏய்! தூக்கறாங்கப்பா!"

முதலாளி என் கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்புறம் அந்தரத்தில் நின்ற சக்கரங்களைப் பார்த்தார்.

"இறக்கு!" என்று கத்தினேன். கிரேன்காரன் என்னை மதிக்கவில்லை, முதலாளியைத்தான் பார்த்தான். முதலாளி உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து ஆட்டினார், அழுகிற குழந்தையை அமர்த்துகிற மாதிரி.

வண்டி தரையில் விழுந்த சத்தம் எங்களுக்கு இரண்டு முறை கேட்டது. ஒன்று மூலையிலிருந்து, ஒன்று போனிலிருந்து.

கிரேனை அணைத்துவிட்டார்கள். அத்தான் மட்டும் தனக்குத்தானே முணுமுணுத்தார். "ரெண்டாங் கியர்லயே வா. அவசரப்படாதடா. இந்தா, இங்க ஒடி. அவ்வளவுதான். விடு, விடு, புடி." போனில் பாட்டு அழுகிறானா கும்பிடுகிறானா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து கருகல் வாசனை வந்தது. மலை இறங்குகிற லாரியின் பிரேக் கருகுகிற வாசனை. யார்டில் எல்லோருக்கும் தெரிந்த வாசனைதான். இரும்புக்காரர் குனிந்து பின்சக்கரத்தின் டிரம்மைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்தார்.

"சுடுது," என்றார்.

மாசக்கணக்கில் நகராத வண்டி.

"கீழ வந்துட்டேன்," என்றான் பாட்டு கடைசியில். "டீக்கடைகிட்ட நிறுத்தியிருக்கேன். வச்சிடாதீங்க. யாராவது ஏதாவது பேசுங்க."

இரும்புக்காரர் விரலை ஊதிக்கொண்டே சங்கிலியைக் கழற்றச் சொன்னார். "எனக்கு வேற எடத்துல நல்ல இரும்பு இருக்குங்க," என்றார். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி கொட்டகை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாட்டு திரும்பி வந்ததும் அந்தச் சாமான்களைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "வரட்டும்," என்றார்.

ஆனால் பாட்டு அந்த லோடை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்திருக்கும். நான் கேபினுக்கு ஏறினேன்.

"அத்தான், நான் உக்காரறேன். நீங்க கிளம்புங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதேடா."

"அவனுக்குத் தெரியுமில்ல? நான் முழிச்சிருந்தா போதும்தானே?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பாடினா நீ நிம்மதியா இரு. பாட்டு நின்னுச்சுன்னா ரோட்டைப் பாரு," என்றார். "காதுல கேக்காது. கையில கேக்கும்."

இறங்கும்போது கால்கள் நிமிரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, கொக்கு மாதிரி ஒரு காலை மாற்றி ஒரு காலை உதறினார். பையை எடுத்தார். அவர் உட்கார்ந்த இடத்தில் சீட்டு குழிந்து சூடாக இருந்தது. நான் அந்தக் குழியில் உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து போவதற்கு முன்பே ஸ்டியரிங்கில் அதிர்வு வந்துவிட்டது.

அக்கா கூப்பிட்டபோது பாலம் ஒன்றைக் கடந்துகொண்டிருந்தேன்.

"நல்லபடியா முடிஞ்சுதுடா. அவரு வந்துட்டாரு. என் கட்டிலுக்குக் கீழயே துண்டை விரிச்சுத் தூங்கறாரு. நர்ஸம்மா ரெண்டு தடவ மிதிச்சிட்டாங்க, எந்திரிக்கல." குரலில் சிரிப்பு இருந்தது. அக்கா சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. "நீ எப்படா வர்றே?"

"வர்றேன்க்கா. கொஞ்சம் டிராபிக்கு," என்று வைத்துவிட்டேன்.

பாட்டு திரும்பி வந்தான். ஸ்டியரிங் தளர்ந்து, தட்டினால் சுற்றியது. இறங்கி, சிமெண்டுத் தரையில் காலை ஊன்றி, எல்லாம் முடிந்தது என்று நின்றேன். டாக்டர் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். கூடவே முதலாளி. அன்றைக்குப் பார்த்த முகம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம்.

"இவன் வண்டியைப் பாத்தியா டாக்டர்? ஒரு கீறல் இல்ல. டீசலும் கம்மியாக் குடிச்சிருக்கு. மத்த வண்டிங்களைப் பாரு, ஒண்ணொண்ணும் தெருச் சண்டைக்குப் போய்ட்டு வந்த மாதிரி வருது."

"முதலாளி, அதக் கழட்டணும்னு..." என்றேன்.

"யாரு சொன்னா? ஓடறது ஓடட்டும்." டாக்டர் பக்கம் திரும்பி மூலை வண்டியைக் காட்டினார். "இதுல இன்னும் என்னென்ன இருக்கு?"

டாக்டர் என் கண்ணைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் குனிந்தார். "க்ளச்சு இருக்கு. ஆக்சிலேட்டர் கம்பி இருக்கு. சைடு கண்ணாடிங்க இருக்கு."

"ஒவ்வொண்ணா ஒவ்வொரு வண்டிக்குப் போடு." என் தோளில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நீ உக்காரு தம்பி. மேல ஒரு ஃபேன் மாட்டித் தரச் சொல்றேன். நிக்கிற வண்டியும் சம்பாதிக்கணும்ல?"

கேட் திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம். ஆனால் பாட்டு அதற்குள் அடுத்த லோடோடு புறப்பட்டுவிட்டான். கேட்டருகில் கொட்டாவி விட்டபடி எனக்குக் கையைத் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கப்பா!"

ஏறி உட்கார்ந்தேன்.

அடியில் டாக்டரின் ஸ்பேனர் சத்தம். என் இடதுகாலுக்குக் கீழே ஏதோ கழன்றது. அரை நாளைக்குப் பிறகு, அது போய்ச் சேர்ந்த வண்டி கிளம்பியதும், க்ளச் மிதி யாரும் மிதிக்காமலே அமுங்கி எழுந்தது. வலப்பக்கக் கண்ணாடியைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டினார்கள். அந்த வண்டியும் கேட்டைத் தாண்டியது.

எனக்கு முன்னால் மதில்தான் இருந்தது, பல்லி ஓடுகிற மதில். ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. அதே நேரத்தில், கண்ணாடி இல்லாத அந்த வெற்றுச் சட்டத்துக்குள், பின்னாலிருந்து ஒரு பஸ் பெரிதாகிக்கொண்டு வந்தது. எந்த வண்டியை அது முந்துகிறது, எந்தத் தெருவில் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரேக்கை மிதித்தேன்.